திருத்தத்தையும் முதற்பக்கத்தில் போடுங்கள்: இலங்கைப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கண்டி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த, 24 வயதுடைய ஒரு முஸ்லிம் பெண். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது தமிழ் மொழிமூலம். இப்போது கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்வதால் பகல் முழுவதும் பேசுவது சிங்களம். ஆகவே தமிழ்ப் பத்திரிகைகளையும் சிங்களப் பத்திரிகைகளையும் ஒருசேர வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. உங்களிடம் கேட்பதற்கு என்னிடம் ஒரேயொரு கோரிக்கைதான் இருக்கிறது. ஒரு மதத்தவரைப் பற்றியோ ஓர் இனத்தவரைப் பற்றியோ நீங்கள் வெளியிட்ட செய்தி பிழையென்று தெரியவந்தால், அந்தச் செய்தி எந்தப் பக்கத்தில், எந்த அளவில், எந்த வழியாக மக்களிடம் போனதோ, அதே பக்கத்தில், அதே அளவில், அதே வழியாக அதன் திருத்தமும் போக வேண்டும்.

இது புதிய கோரிக்கையன்று என்பதை அறிவேன். நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக்கோவையிலேயே பிழைகளை உடனடியாகவும் உரிய முக்கியத்துவத்துடனும் திருத்த வேண்டுமென்று எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வாசகம் காகிதத்தில் அச்சாகும் பத்திரிகையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. என் தலைமுறைக்குச் செய்தி அந்த உருவத்தில் வந்து சேரவில்லை. என் வாப்பா கடையிலிருந்து பத்திரிகையை மடித்துக் கொண்டுவந்து, மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்து முடிப்பார். இன்று வாசித்ததை மறுத்து நாளை ஒரு செய்தி வந்தாலும், அதே பத்திரிகையில், அதே நாற்காலியில் இருந்தபடி அதையும் அவர் வாசிப்பார். எங்களுக்குக் கிடைத்ததோ துண்டுகள்: ஒரு தலைப்பின் படம், ஒரு குரல் பதிவு, பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும் ஒரு காணொளி. எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, அடுத்த நாள் என்ன வந்தது என்ற எதுவும் அந்தத் துண்டோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. அவற்றில் பல என் மார்க்கத்தைப் பற்றியவையாகவே இருந்தன.

2018 பெப்ரவரிக் கடைசியில் எனக்கு 17 வயது. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் ஒரு கட்டி கிடந்ததைச் சாப்பிட வந்த ஒருவர் கண்டார். சிங்களவர்களை மலடாக்குவதற்குக் கலந்த மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. காசுமேசையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது. சுற்றி நின்று மிரட்டிய கூட்டத்துக்கு அவர் தடுமாறிச் சொன்ன பதிலைத் தொலைபேசியில் பதிவுசெய்து, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான் என்று பரப்பினார்கள். அன்றிரவு கடையும் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்து, அது மாவுக் கட்டி என்று சொன்னது. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கக்கூடிய மாத்திரை மருத்துவத்தில் கிடையாதென்று விடயம் அறிந்தவர்களும் சொன்னார்கள். மாத்திரைக் கதையை என் வயதினர் எல்லோரும் சொல்வார்கள். மாவுக் கட்டியைப் பற்றிக் கேட்டால், சிங்கள நண்பர்களில் பாதிப்பேர் இப்போதுதான் கேள்விப்படுவதாகச் சொல்கிறார்கள்.

அடுத்த வாரம் எங்கள் மாவட்டத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி மருத்துவமனையில் உயிரிழந்தார். அது ஒரு கொலை. அந்தக் குடும்பத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதில் எங்கள் ஊரில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை. ஆனால் அந்த மரணச் செய்தி, அம்பாறைக் கதை ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மனங்களில் போய் விழுந்தது. திகன, தெல்தெனிய, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனயில் எரிந்த வீட்டுக்குள் அகப்பட்ட ஒரு இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. அந்த இரவுகளில் எங்கள் வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் தங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றியவர்கள், எங்கள் ஒழுங்கையின் மேல்கோடியில் குடியிருந்த ஒரு சிங்களக் குடும்பத்தார். ஆகவே இந்த மடலை ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தின்மேல் சுமத்தும் குற்றப்பத்திரிகையாக நீங்கள் வாசிக்கக் கூடாது. இரண்டு வருடங்கள் கழித்து, 2020 மே மாதம், தன் தளத்தில் பரவிய வெறுப்புக்கும் அதனால் விளைந்த தீங்குக்கும் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தாமதமானாலும், கடல்கடந்த ஒரு நிறுவனம் அந்த அளவுக்காவது வாய் திறந்தது.

இனி, இந்த மடலை எழுத வைத்த சம்பவத்தைச் சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் ஒரு சிங்களத் தோழி, ஏழு மாதக் கர்ப்பிணி, ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கித் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். அவளுடைய மாமி குடும்பக் குழுவில் அனுப்பியிருந்த ஒரு படம். ஒரு சிங்கள நாளிதழின் முதற்பக்கம். திகதி இருக்க வேண்டிய மேல்விளிம்பு வெட்டப்பட்டிருந்தது. பலமுறை கைமாறியதால் எழுத்துகளின் ஓரம் மங்கியிருந்தது. ஆனால் தலைப்பு மட்டும் தெளிவாக வாசிக்கும்படி இருந்தது. முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குத் தெரியாமல் கருத்தடை செய்துவிட்டார் என்பதே அதன் சாரம். தோழிக்குப் பிரசவம் பார்க்கப்போகிற வைத்தியசாலையில் ஒரு முஸ்லிம் வைத்தியரும் இருக்கிறார். "இது உண்மையா? உன்னிடம் கேட்காமல் நான் யாரிடம் கேட்பது?" என்றாள். அவள் குரலில் வெறுப்பு துளியும் இல்லை, பயம்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்தியின் பயத்தை, அறியாமை என்று சொல்லி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பக்கம் 2019 மே மாதத்தில் வந்தது. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாடே பயத்தில் உறைந்திருந்த நேரம். குருநாகல் போதனா வைத்தியசாலையில் பணியாற்றிய அந்த வைத்தியர் தலைப்பு வெளிவந்த கையோடு கைதுசெய்யப்பட்டார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். அவர்களும் இதே பயத்தில் வந்தவர்கள்தாம். குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்று இல்லையென்று ஜூன் கடைசியில் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஜூலையில் அவருக்குப் பிணை கிடைத்தது. மீண்டும் வேலையில் சேர்வதற்கு அவர் 2022 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த அந்த வருடம், தனக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அத்தியாவசிய மருந்துகள் வாங்குவதற்கென்று சுகாதார அமைச்சுக்கே அவர் கொடுத்துவிட்டார். மகப்பேற்று அறுவையின்போது இரகசியமாகக் கருத்தடை செய்தால், அறுவைக்கூடத்தில் உடனிருக்கும் மயக்க மருந்து வைத்தியருக்கும் தாதியருக்கும் உதவியாளர்களுக்கும் அது தெரியாமல் போகுமா என்ற எளிய கேள்வியை, தலைப்பு எழுதுவதற்கு முன்னால் எவராவது கேட்டிருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். அவள் நம்பினாள். ஆனால் அவள் அடுத்துக் கேட்டதற்கு என்னால் பதில் கொடுக்க முடியவில்லை: "மாமிக்கு அனுப்புவதற்கு ஒன்று தா." மாமிக்கு நான் சொல்வது செல்லாது, பத்திரிகை சொன்னதை மறுக்கப் பத்திரிகைதான் வேண்டும். அன்று மாலை முழுவதும் தேடினேன். கிடைத்தவை வழக்குச் செய்திகள்: அடுத்த விசாரணை எந்தத் திகதி, சட்டத்தரணி யார், நீதவான் என்ன உத்தரவிட்டார். சான்று இல்லை என்ற வரி எட்டாவது, ஒன்பதாவது பந்தியில் இருந்தது. அந்த முதற்பக்கத்தின் படத்துக்கு எதிரே வைத்து, அதே பருத்த எழுத்தில், அது பிழை என்று காட்டக்கூடிய ஒரு பக்கத்தின் படம் எனக்கு அகப்படவில்லை. பிழையான செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். சரியான செய்தியைத் தேடிப் போய் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். மாமிமார் எதைச் செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொழில்நுட்பத்தைப் பற்றி நீங்கள் சமூக ஊடகங்களைக் குறைசொல்வதை அடிக்கடி வாசிக்கிறேன். அதில் நியாயம் உண்டு. ஆயினும் மேலே சொன்ன படம் சமூக ஊடகத்தில் பிறந்ததன்று. அச்சியந்திரத்தில் பிறந்து, சமூக ஊடகத்தில் சாகாமல் இருப்பது. ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதென்று வட்ஸ்அப் 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் வரம்பு வைத்தது. பலமுறை கைமாறிய தகவலை ஒரு தடவைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாமென்று 2020 ஏப்ரலில் அதை இன்னும் இறுக்கியது. ஆனால் அதே படத்தைத் தொலைபேசியில் சேமித்துப் புதிதாக ஏற்றினால், அது முதன்முறையாக அனுப்பப்படும் படமாகவே கணக்கிடப்படும். ஆகவே பூட்டு அங்கே மட்டும் போட்டுப் பயனில்லை. படம் எங்கே உருவாகிறதோ அங்கேயே சில காரியங்களைச் செய்ய முடியும், அவற்றைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள்தாம்.

உங்கள் இணையப் பிரிவுகளில் நான் கண்ட ஒரு பழக்கம், தலைப்பு பிழையென்று தெரிந்ததும் சத்தமில்லாமல் அதை மாற்றிவிடுவது, அல்லது செய்தியையே நீக்கிவிடுவது. மாற்றியவருக்கு வேலை முடிந்தது. ஆனால் ஏற்கெனவே அனுப்பப்பட்ட இணைப்புகளின்மேல் பழைய தலைப்பும் பழைய படமும் அப்படியே ஒட்டியிருக்கும். அவற்றை உங்களால் திரும்பப் பெற முடியாது. நீக்கிவிட்டாலோ நிலைமை இன்னும் மோசமாகிறது. இணைப்பைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வருகிறது. "பார்த்தீர்களா, உண்மையை எழுதியதற்காக மேலிடத்திலிருந்து அழுத்தம் கொடுத்து நீக்கிவிட்டார்கள்" என்று அதுவே புதிய சான்றாகிவிடுகிறது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. என் காதால் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன். ஆகவே நீக்காதீர்கள். அதே முகவரியில், செய்தியின் தலைமாட்டில், எது பிழை, எது சரி, எப்போது திருத்தப்பட்டது என்று எழுதி வையுங்கள். செய்தியை ஒரு படமாக வெளியிட்டிருந்தால் திருத்தத்தையும் ஒரு படமாக வெளியிடுங்கள். வெட்டினால் தலைப்பும் சேர்ந்து வெட்டுப்படும்படி, திகதியைப் படத்தின் விளிம்பில் போடாமல் தலைப்புக்குள்ளேயே போடுங்கள். அன்றன்று நீங்கள் வெளியிட்ட எல்லாப் படங்களையும் திகதிவாரியாக ஒரே பக்கத்தில் பார்க்கும் வசதியைச் செய்துகொடுங்கள். உங்கள் சின்னத்தையும் நிறத்தையும் களவெடுத்துப் போலிச் செய்தி தயாரிப்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் முடியும் என்பதால், இது உங்களுடையதா இல்லையா என்று ஒரு வாசகர் ஒரு நிமிடத்தில் சரிபார்க்க வேறு வழி கிடையாது. செயற்கை நுண்ணறிவால் ஓர் அறிவிப்பாளரின் முகத்தையும் குரலையும் உருவாக்கிவிட முடிகிற காலத்துக்கு வந்துவிட்டோம். அந்தக் காலம் வருவதற்கு முன்னால், 2018இலும் 2019இலும், மங்கலான ஒரு காணொளியும் ஒரு தலைப்புமே போதுமாக இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை.

மார்க்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தக் கோரிக்கை எனக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அஹதிய்யா பாடசாலையில் எங்களுக்கு ஹதீஸ் கலையின் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். நபியவர்கள் சொன்னதாக ஒரு செய்தி வந்தால், அந்தச் செய்தி அழகாக இருக்கிறதா, பயனுள்ளதா என்று முதலில் பார்ப்பதில்லை. யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அந்த இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்து சந்தித்திருக்க முடியுமா, அவர்களில் எவருக்காவது மறதி உண்டா, பொய் சொன்னதாகப் பெயர் உண்டா என்று அறிவிப்பாளர் வரிசையைப் பார்ப்பார்கள். வரிசை அறுந்திருந்தால், எவ்வளவு நல்ல செய்தியாக இருந்தாலும் பலவீனமானது என்று குறித்துவிடுவார்கள். இதில் என்னை மிகவும் கவர்ந்தது அதற்கு அடுத்த படி. இட்டுக்கட்டப்பட்டவை என்று கண்ட ஹதீஸ்களை அறிஞர்கள் வெறுமனே ஒதுக்கிவிட்டுப் போகவில்லை; அவற்றைத் தனி நூல்களாகத் தொகுத்து, இன்ன செய்தி பொய், இன்ன காரணத்தால் பொய் என்று எழுதி வைத்தார்கள். பொய்யை மறைத்தால் அது வேறொரு வாசல் வழியாக வந்துவிடும் என்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள் என்று குர்ஆனின் 49ஆம் அத்தியாயத்தில் வருகிற வசனமும் அங்கேதான் எங்களுக்கு மனப்பாடம்.

இந்தப் பாடத்தைப் படித்த சமூகம் அதன்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பக் குழுக்களில் அதிகாலைப் பஜ்ருத் தொழுகைக்கும் காலைத் தேநீருக்கும் இடையில் வருகிற குரல் பதிவுகளில் பாதிக்கு அறிவிப்பாளர் வரிசையே கிடையாது. "ஒரு பெரிய டொக்டர் சொன்னது" என்று தொடங்கி, "முடிந்தளவு பகிருங்கள், நன்மை கிடைக்கும்" என்று முடியும். இதைப் பற்றி எங்கள் மார்க்க அறிஞர்களான உலமாக்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகிகளிடமும் தனியாகப் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் அவற்றை அனுப்பும் என் மாமாவுக்குப் பத்திரிகையாளருக்குரிய பயிற்சியும் இல்லை, பெயரும் இல்லை. உங்களுக்கு இரண்டும் உண்டு. அதனால்தான் உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த எல்லோரையும் கட்டாயமாகத் தகனம் செய்ய வேண்டுமென்று வர்த்தமானி வந்தது. புதைக்கலாம் அல்லது எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் அதற்கு முன்பே வெளிவந்திருந்தது. நிலத்தடி நீருக்கு ஆபத்து என்று இங்கே சொல்லப்பட்டது. அந்தக் கூற்றைச் சொன்னவர் யார், எந்த ஆய்வின் அடிப்படையில் சொன்னார், அந்தத் துறையில் அவருக்கு என்ன தகுதி என்ற அறிவிப்பாளர் வரிசையை உங்களில் எத்தனை பேர் கேட்டீர்கள்? நான் வாசித்த பல செய்திகளில், ஒரு பக்கத்தில் விஞ்ஞானமும் மறு பக்கத்தில் பிடிவாதமான ஒரு மதமும் நிற்பது போலவே விடயம் எழுதப்பட்டது. உண்மையில் உலகத்தின் விஞ்ஞானமும் எங்கள் ஜனாஸாக்களும் (இறந்தவர்களின் உடல்களும்) ஒரே பக்கத்தில்தான் நின்றன. அந்த டிசம்பரில், பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையின் உடல் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பாகப் பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரிக் கடைசியில்தான் நல்லடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது; கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் ஜனாஸாக்களை அவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள். 3,600க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை அதற்காக மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. ஓர் அரசாங்கம் தன் பிழையை ஒப்புக்கொண்டது. அந்த மன்னிப்பு உங்கள் பக்கங்களில் ஒரு நாள் செய்தியாக வந்து போனது. நீரில் வைரஸ் கலக்கும் என்ற கூற்று மாதக்கணக்கில் தலைப்பாக ஓடியது. அது தவறு என்பதை விளக்கும் ஒரு முழுப்பக்கத்தை, குறிப்பாகச் சிங்கள வாசகருக்கு, எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். தகனம் செய்யப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தங்கள் தாய்க்கும் தந்தைக்கும் இறுதித் துணியான கபன் இடவும், அடக்கம் செய்த இடமான கப்றுக்குப் போய் நின்று துஆ எனும் பிரார்த்தனை செய்யவும் முடியாதவர்கள். அவர்களுக்கு நட்டஈட்டைவிட, தாங்கள் கேட்டது நியாயமானது என்று அயல்வீட்டார் தெரிந்துகொள்வதே பெரிய ஆறுதல்.

உயிர்த்த ஞாயிறைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிப்பது நேர்மையாகாது. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் ஹோட்டல்களிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொன்றவர்கள் என் மார்க்கத்தின் பெயரைச் சொன்னவர்கள். அதை நினைக்கும்போது வருகிற வேதனையை நான் வேறு எந்தச் சொல்லாலும் குறைத்துக் காட்ட விரும்பவில்லை. அந்தச் செய்தியை நீங்கள் எழுதத்தான் வேண்டும். கடுமையாகவே எழுத வேண்டும். அதேநேரம், அந்தக் கூட்டத்தின் தலைவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்கள் அதற்கு முன்னரே முறைப்பாடு செய்திருந்ததும், தாக்குதலுக்குப் பிறகு அந்த உடல்களைத் தங்கள் அடக்கத்தலங்களான மையவாடிகளில் ஏற்க மாட்டோமென்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததும் அதே எழுத்தில் வரவில்லை. அதற்குப் பதிலாக வந்தவை என்ன? அந்த மே மாதத்தில் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். அவருடைய சட்டையில் இருந்தது கப்பலின் சுக்கான் சக்கரம். அதைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று எண்ணிவிட்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளும் அந்த மாதங்களில் விலகி நிற்கவில்லை. சோதனைகளில் பிடிபட்ட ஒவ்வொரு கத்திக்கும் படம் போட்டீர்கள். பலவற்றுக்கு என்ன முடிவு வந்தது என்று பிறகு எழுதவில்லை. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சந்தையில் ஒரே மொழியில் பேசி வாழ்கிறவர்கள். அங்கே ஒரு தலைப்பின் பாரம் கொழும்பில் இருப்பதைவிடக் கூடுதல்.

இதற்கெல்லாம் சட்டம் போதுமே என்று சிலர் சொல்வார்கள். 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்று எதுவென்று தீர்மானிக்கிற அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. அதன் அங்கத்தவர்களை நியமிப்பவர் சனாதிபதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெறுப்புப் பேச்சைத் தடுக்கும் பிரிவைக் கொண்ட 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் யார்மேல் பாய்ந்தது என்பதை என் தலைமுறை கண்ணால் கண்டது: சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர் மேலும், வெறுப்பை அறிவால் எதிர்கொள்வோம் என்று பேஸ்புக்கில் எழுதிய ஒரு முஸ்லிம் முதியவர் மேலும் பாய்ந்தது. திகனயை எரித்தவர்களுக்கு எதிரான வழக்குகள் ஊர்ந்துகொண்டிருக்க, எழுதியவர்கள் சிறையிலிருந்தார்கள். ஆகவே உங்களை யாரும் தண்டிக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. உங்கள் பேனாவைப் பிடுங்க அரசாங்கத்துக்கு ஒரு சாட்டு கிடைத்துவிடக் கூடாதே என்றுதான், நீங்களாகவே திருத்துங்கள் என்று கேட்கிறேன்.

உங்கள் துறையே முன்வந்து 2003இல் அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு ஒன்று இருக்கிறது. பத்திரிகையில் வந்த பிழையைப் பற்றி எவரும் அங்கே முறைப்பாடு செய்யலாம். என் அலுவலகத்தில், என் வயதினர் மத்தியில், நான் விசாரித்த ஒருவருக்கும் அப்படியொன்று இருப்பதே தெரியாது. எனவே உங்கள் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இரண்டு காரியங்களை எடுத்துப் பேசும்படி வேண்டுகிறேன். ஒன்று, திருத்தத்தைப் பற்றிய ஒழுக்கக்கோவையின் பிரிவில், இணையத்திலும் சமூக ஊடகப் பக்கங்களிலும் படங்களாகவும் காணொளிகளாகவும் வெளியிடப்பட்டவற்றுக்கு அதே வடிவில், அதே இடத்தில் திருத்தம் வெளியிடப்பட வேண்டும் என்றும், ஒரு நிறுவனம் பல மொழிகளில் பத்திரிகை நடத்தினால் பிழை வந்த மொழியில் மட்டுமன்றி எல்லா மொழிகளிலும் அது வர வேண்டும் என்றும் சேருங்கள். மற்றது, அந்த ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்யும் வழியை உங்கள் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள்.

2019இல் வந்த அந்த முதற்பக்கத்துக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. என் தோழியின் மாமிக்கு அனுப்பக்கூடிய ஒரு பக்கத்தை, அந்தப் பத்திரிகை வெளியிடாவிட்டாலும், உங்களில் வேறொருவர் சிங்களத்தில் வெளியிடலாம்.

இப்படிக்கு,
கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு வாசகி